சைவம் என்பது சமையலின் பெயரோ?

சிவமயம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில், மலையடிவாரத்தே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடையிட்டு அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னது நூலாலைகளாற் பெயர் பெற்றது. பின்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பதியென்றும், 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊரென்றும் பலரானும் அறியப்படுவது. இவ்விரண்டூர்களினின்றும் கல்வி குறித்தும் தொழில் குறித்தும் கடல்கடந்து சென்று வாழ்வோர் இன்று பலராவர். அவர் விடுமுறையில் வந்து மீளுங்கால், பெட்டியிற் பால்கோவாப் பொதி ஒன்றேனும் இல்லாமற் செல்வது அரிது. பிறந்த மண்ணின் சுவையை நா விரும்புதல் குற்றமன்று. அது தாயை நினைத்தலோடு ஒக்கும். ஆயின், அப்பொதியோடு ஒரு கொள்கையும் இக்காலத்து உடன் செல்கின்றது. அக்கொள்கையே ஈண்டு ஆராய்ந்து மறுக்கப்படுவது.

"பிறந்த ஊரின் உணவை உண்ணுமளவும் யாங்கள் தமிழரே, புலால் கலவாத இலையில் உண்ணுமளவும் சைவரே. திருநீறு அணிந்து அலுவலகம் செல்லக் கூசுகின்றது, திருமுறை ஓதப் பிள்ளைகட்கு எழுத்துத் தெரியவில்லை, கோயிலோ நெடுந்தொலைவு. போகட்டும்! இட்டிலியும் சாம்பாரும் வாழையிலையும் உள்ளனவே. அவை உள்ளவரை எங்கள் அடையாளம் அழியாது" என்பது அக்கொள்கை. இதற்கு நேர்மாறாக நிற்பார் வேறொரு சாரார். "உண்பதிற் சமயம் ஏது? சென்ற நாட்டில் எது கிடைக்கின்றதோ அதனை உண்க. இறைவன் உள்ளத்தை நோக்குவானேயன்றி உண்கலத்தை நோக்கான்" என்பர் இவர். முன்னவர் உணவையே சமயமாக்கினர். பின்னவர் சமயத்தினின்றும் உணவை நீக்கினர். கூற்று இரண்டாயினும் பிழை ஒன்றே. இருசாராரும் உணவை உண்பான் ஒருவனோடு மட்டுமே பொருத்திப் பார்த்தனர். அதனை ஊட்டும் இறைவனையும், அருகிருந்து பசிக்கும் பிற உயிரையும் மறந்தனர்.

முன்னவர் கூற்று முதற்கண் ஆராயப்படும். சைவம் என்னும் சொல் சிவசம்பந்தமுடையது என்னும் பொருளது. முழுமுதற் பொருளாகிய சிவத்தை அடைதற்குரிய நெறியைச் சுட்டிய அச்சொல், இன்று தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் மரக்கறி உணவைச் சுட்டுஞ் சொல்லாய்ச் சுருங்கிற்று. அதற்கு மறுதலையாக 'அசைவம்' என்றொரு சொல்லும் புனைந்துகொள்ளப்பட்டது. இவ்வழக்கின் நகைப்பு திருவில்லிபுத்தூரிற் புலப்படுதல் போலப் பிறிதோர் ஊரிற் புலப்படுதல் அரிது. வடபத்திரசாயிப் பெருமாளுக்கு நிவேதித்த பொங்கலைத் திருமண்காப்புத் தரித்த வைணவர் ஒருவர் உண்பாராயின், அவர் உண்டது 'சைவம்' என்று கடைத்தெரு கூறும்! மதுரையில் ஆளுடைய பிள்ளையாரை எதிர்த்து அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்த்திய சமண முனிவரும் புலால் உண்ணாதவரே. ஆகலின் இவ்வழக்கின்படி அவரும் 'சைவம்' உண்டவரே! சைவத்தை வேரறுக்க முயன்றாரையும் சைவராக்கும் சொல்லாட்சியைக் கொண்டு ஒருவன் தன் சமயத்தை நிறுவ முயல்வானாயின், அது மணலைக் கயிறாகத் திரித்தலோடு ஒக்கும்.

இனி, கடலுக்கப்பாலுள்ள செய்தியையும் நோக்குக. இங்கிலாந்தில் 1847-ஆம் ஆண்டிலேயே மரக்கறியுணவினர் சங்கம் ஒன்று தோன்றிற்று. 1944-இல் பாலையும் விலக்குவார் தமக்கெனத் தனிச்சங்கம் ஒன்று கண்டனர். புலால் நீக்கிய உணவே சைவமாயின், அச்சங்கங்கள் சைவ மடங்களாதல் வேண்டும். அவற்றின் உறுப்பினர் யாவரும் சமயதீக்கை பெற்றாரோடு ஒப்பவைத்து எண்ணப்படுதல் வேண்டும். அங்ஙனம் எண்ணுவார் ஒருவரும் இலர். உயிரிரக்கத்தாற் புலால் நீத்த அவ்வயல்நாட்டார் போற்றத்தக்கவரே என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் போற்றப்படுவது இரக்கம் பற்றி; சைவர் என்பது பற்றியன்று.

"அற்றேல், சமயத்தை விடுக, தமிழர் என்னும் அடையாளமேனும் இவ்வுணவால் நிலைபெறாதோ?" என்று வினாவுவார்க்கு விடை வருமாறு. இந்திய அரசினர் 2014-ஆம் ஆண்டில் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கு, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உடையாருள் நூற்றுக்கு 97 பேருக்கு மேற்பட்டார் புலால் உண்போர் எனக் காட்டிற்று. புலால் உண்ணாமையே தமிழரின் அடையாளம் என்பார்க்கு, அந்த 97 பேரும் தமிழரல்லராதல் வேண்டும். தமிழர் உண்பது எதுவோ அதுவே அடையாளம் என்பார்க்கு, வள்ளுவனார் ஓர் அதிகாரம் வகுத்து மறுத்த புலாலே தமிழடையாளமாய் முடியும். முன்னது உண்மைக்கு மாறு. பின்னது அறத்துக்கு மாறு. இருவழியும் அடைபட்ட இக்கொள்கை வாழையிலையை மறைப்பாகக் கொண்டு எத்தனை நாள் நிற்கும்?

மற்றொன்றுங் காண்க. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளும் பிரித்தானியாவும், இந்தியாவினின்றுஞ் செல்லும் பயணிகள் பாலாலான பொருள்களைத் தம் பெட்டியிற் கொண்டுவருதலைக் கால்நடை நோய்த் தடுப்புக் கருதி விலக்கியுள்ளன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா இலண்டன் விமான நிலையத்துச் சுங்கச் சாவடியிற் காவலர் கண்ணிற் படுமாயின் குப்பைத் தொட்டியை அடைதல் கூடும். அப்பொதியே தன் அடையாளம் என்று கொண்டவன், தன் அடையாளம் தொட்டியிற் கிடப்பதைக் கண்டு வெறுங்கையனாய் அந்நாட்டிற் புகுவான். பிறன் ஒருவன் பறிக்கத்தக்கதும், சின்னாளிற் கெடத்தக்கதும், விலை கொடுத்தார் எவர்க்கும் கிடைக்கத்தக்கதுமாகிய ஒன்று, ஓர் உயிரின் அடையாளம் ஆதல் யாங்ஙனம்?

புலம்பெயர்ந்தார் எதனால் தம் நிலை அழியாது நிற்பர் என்பதை அறிய அயல்நாடு செல்லல் வேண்டா, இராசபாளையத்தையே காண்க. அவ்வூரின் பெயர்க்குரியராகிய இராசாக்கள், விசயநகரத்தாரும் நாயக்கரும் ஆண்ட காலங்களில் தெலுங்கு நாட்டினின்றும் தெற்கே போந்தவராவர். நிலம் மாறியவழி விளைபொருளும் மாறும். விளைபொருள் மாறியவழி உண்கலமும் மாறாதிராது. எனினும் நூற்றாண்டுகள் பல கழிந்த பின்னும் அவர் இல்லத்திலே தாய்மொழி ஒலிக்கின்றது, குலமுறை போற்றப்படுகின்றது, கோயிலும் கல்விச்சாலையும் அவர் கையால் எழுந்தன. அவர் வழிவழி காத்தவை பெற்றோர் பிள்ளைகட்குப் பயிற்றியவை; பொதியிற் கட்டிக் கொணர்ந்தவையல்ல.

இங்கே யூதரை எடுத்துக்காட்டி ஒரு தடை நிகழ்த்துவாரும் உளர். "நாடிழந்து உலகெங்கும் சிதறிய யூதர், உண்பன இவை, உண்ணாதன இவை என வகுத்த விதியாலன்றோ தம் இனத்தைக் காத்தனர்? தமிழரும் அங்ஙனம் உணவாலே காக்கப்படுவர்" என்பது அத்தடை. இவ்வெடுத்துக்காட்டு அவர் கொள்கையையே வீழ்த்துவதை அவர் அறிந்திலர். கொச்சியில் வாழ்ந்த யூதர் தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைத்தனர். போலந்தில் வாழ்ந்த யூதர் தேங்காயைக் கண்டவரல்லர். இருவர் கறியும் வேறு, சுவையும் வேறு. இருவர்க்கும் பொதுவாய் நின்றது யாது? இறைவன் ஆணையென்று அவர் நம்பிய விதியும், உண்ணுமுன்னும் உண்டபின்னும் அவனை வாழ்த்தும் வாழ்த்துமே. அவரைக் காத்தது விதி, சுவையன்று. சுவையைக் காத்து விதியை விட்டவர் அவருள்ளும் தம் மரபினின்றும் நீங்கினர். ஆகலின் இலையிற் பரிமாறப்படுவது யாது என்று வினாவுதலோடு அமையாது, இலைக்கு முன் நிகழ்வது யாது என்று வினாவுதல் வேண்டும்.

அவ்வினாவுக்கு விடை திருவில்லிபுத்தூரிலேயே உளது. வைணவர் கொண்டாடும் கூடாரவல்லி நாளை நோக்குக. ஆண்டாள் வேண்டிக்கொண்டது நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தான் உண்ணல் வேண்டுமென்று அன்று. திருமாலிருஞ்சோலைப் பெருமாளுக்குப் படைத்தல் வேண்டுமென்று. அவ்வேண்டுதலைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பர். சமயம் வேறாயினும் உண்மை ஒன்று: அவ்வூரின் பெருமைக்குரிய உணவு முதலிற் படைக்கப்பட்ட உணவேயாம்.

இனிச் சைவர்க்குரிய வரலாறு ஒன்று உளது. அவ்வூரின் மடவார்வளாகத்தில் வைத்தியநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றார். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், தீராத வயிற்றுநோய் அப்பெருமான் சந்நிதியில் நீங்கப்பெற்றார் என்றும், அது முதல் அங்கு உச்சிக்காலப் பூசை நிறைவுற்றதை அறிந்த பின்னரே மதுரை அரண்மனையில் நண்பகலுணவு கொள்வது என்று நோன்பு பூண்டார் என்றும், அதன்பொருட்டு வழிநெடுகிலும் நகரா மண்டபங்கள் எடுப்பித்து முரசொலியை ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செலுத்தச் செய்தார் என்றும் அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அரசன் உண்ட உணவு மதுரையிற் சமைத்தது, அரிசியும் கறியும் மதுரையின, அடுப்பும் அரண்மனையினது. திருவில்லிபுத்தூரினின்றும் அவனுக்குச் சென்றது ஒரு பருக்கையும் அன்று. ஓர் ஒலி மட்டுமே. எனினும் அவ்வொலி கேட்டு உண்டமையால், அவன் மதுரையிலிருந்தே வைத்தியநாதர் சந்நிதியில் உண்டவனாயினான்.

கடல்கடந்து வாழும் சைவர் அறியற்பாலதாகிய பொருள் முழுவதும் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது. அவர் பெட்டியிற் கட்டிச் செல்லற்குரியது ஊரின் பண்டமன்று, ஊரின் முரசு. இறைவன் அமுது கொண்டான் என்பதை நினையாமல் உண்ணும் இலை, திருவில்லிபுத்தூர்ச் சந்நிதித் தெருவில் விரிக்கப்பட்டதேனும் அயல்நாட்டிலையே. அதனை நினைந்து உண்ணும் கலம், பனிபெய்யும் தொரொன்தோவில் வைக்கப்பட்டதேனும் சந்நிதியிலையே.

இது வெறும் உவமையன்று. சித்தாந்தம் காட்டும் உண்மையுமாம். உயிர்க்கு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுத்தருளும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனுள் உணவு போகத்தின்பாற் படும். போகம் உயிரின் இயல்பன்று. உயிர்க்கு வந்து கூடியது. அதனையே உயிரின் அடையாளம் என்பது, உடுத்த ஆடையை உடுத்தவன் என்பதனோடு ஒக்கும். அன்றியும், உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது மெய்கண்ட நூல்களின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் நாவைச் சார்ந்துழி நாவாயே நிற்கும். சிவத்தைச் சார்ந்துழிச் சிவமாய் விளங்கும். உண்ணும் உணவு ஒன்றேயாயினும், சார்பு வேறுபட்டால் உண்டவன் வேறாவான். ஆகவே 'நீ யார்?' என்னும் வினாவுக்கு 'எதனை உண்பாய்?' என்பது விடையாகாது. 'எதனைச் சார்ந்து உண்பாய்?' என்பதே விடையாம்.

இம்முரசொலியைக் கடல்கடந்தும் கேட்டார் உளர் என்பதற்குச் சான்று பல. யாழ்ப்பாணத்து நல்லூரிற் கந்தன் திருவிழாக் கொடியேறிய நாள் முதல் 25 நாளும் அந்நாட்டுச் சைவ இல்லங்கள் புலாலை விலக்கும். போரினாற் சிதறி ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறியோருள்ளும் அந்நாள்களைப் பேணுவோர் உளர். நல்லூர்க் கொடி அவர் வீட்டுச் சாளரத்திலிருந்து காணத்தக்கதன்று. ஆயினும் அது ஏறிற்றென்று அவர் அடுப்பு அறியும். தென்னாப்பிரிக்காவுக்கு 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 'துரூரோ' என்னும் கப்பலிற் சென்னையினின்றும் முதற்கண் சென்றடைந்த ஒப்பந்தக் கூலிகளின் வழியினரும், மொரீசியத் தீவுக்குச் சென்றோரின் வழியினரும் பெரும்பாலும் தமிழ்ப் பேச்சை இழந்தனர். தோட்ட முதலாளி அளந்து கொடுத்த அரிசியும் பருப்பும் உப்பு மீனுமே அவர் முன்னோர்க்குக் கிடைத்த உணவு. இன்னது உண்போம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையே அவர்க்கு இருந்ததில்லை. அந்நிலையிலும் அவர் தைப்பூசத்தை விட்டிலர். மொரீசியத் தீவில் இன்றும் பத்து நாள் புலால் நீத்து நோன்பிருந்து காவடி எடுக்கின்றனர். நோன்பு முடிவில் வாழையிலையில் ஏழுகறி படைத்து அடியாரோடு உண்கின்றனர். அவ்வேழுகறி இராசபாளையத்தார் நாவுக்குப் பழக்கமில்லாத சுவையினதாகலாம். ஆயின் முரசு கேட்டு விரித்த இலை அது.

அவரை நோக்கி, "ஆண்டு முழுதும் புலாலை உண்டு பத்து நாள் மட்டும் விடுவார்க்கு இஃது ஒரு சமயமோ?" என்று தாய்நாட்டிலிருந்து எள்ளுவோர் சிலர். எள்ளுவார் தம் நிலையை ஆராய்தல் நன்று. சைவ உணவை ஆண்டு முழுதும் உண்டும், ஒருநாளேனும் இறைவற்குப் படைத்து உண்ணாதார், பத்து நாள் படைத்து உண்பாரினும் எவ்வாற்றான் உயர்ந்தவராவர்? உணவொழுக்கம் சரியைப் பகுதியது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிகளுள் முதற்படியில் ஒருகால் வைத்தவன், படியே இல்லை என்பானினும், படியின்மேல் அமர்ந்து உச்சி எய்திவிட்டதாகக் கூறுவானினும் மேலானவன். அவன் ஏறத் தொடங்கினான்.

இனிப் பின்னவர் கூற்று மறுக்கப்படும். உணவிற் சமயமில்லை என்பார் தமக்குத் துணையாகக் கண்ணப்பரையும் சிறுத்தொண்டரையும் அழைப்பர். "கண்ணப்பர் ஊனையன்றோ படைத்தார்? சிறுத்தொண்டர் மகவையன்றோ கறியாக்கினார்? இறைவன் ஏற்றருளினானே!" என்பர். திருத்தொண்டர் வரலாற்றைச் செவ்விதின் ஓதினார் இங்ஙனம் கூறார். கண்ணப்பர் ஊனைச் சுவைத்துப் பார்த்தது தம் பசிக்கு அன்று. தம் இறைவற்கு நல்லது தேர்ந்தெடுத்தற்கு. வேட்டுவக் குலத்தில் அவர் அறிந்த நல்லுணவு அதுவேயாகலின் அதனையே கொணர்ந்தார். முடிவிற் கண்ணையே இடந்து அப்பினார். அவர் ஊனைத் தமக்குச் சான்றாகக் காட்டுவார், அவர் கண்ணையும் காட்டுதல் வேண்டுமன்றோ? சிறுத்தொண்டரோ அடியார்க்கு அமுதூட்டியன்றித் தாம் உண்ணாத நோன்பினர். அந்நோன்பைச் சோதித்தற்கே பெருமான் வயிரவ வேடத்தில் வந்தான். இவ்விருவரும் கற்பிப்பது 'எதனையும் உண்க' என்பதன்று. 'ஊட்டாது உண்ணற்க' என்பது.

நாகப்பட்டினத்துப் பரதவர் குலத்து அதிபத்த நாயனார் வரலாறு இதனினும் தெளிவுடையது. நாடோறும் வலையிற் படும் மீன்களுட் சிறந்த ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் தொண்டு. ஒரு மீனே பட்ட நாள்களில் அதனையும் விட்டுப் பட்டினி கிடந்தார். பொன்மீன் பட்டபோதும் அதனை விட்டார். மீனால் வாழ்ந்த அவரை அறுபத்துமூவருள் ஒருவராக்கியது, முதற்பங்கு இறைவனது என்னும் அவ்வொரு நியதியே. இதனால், பிறப்பாற் புலாலுண்ணாக் குலத்தேம் என்று தருக்கி, மீனுண்பாரைச் சைவரல்லர் என இகழ்வார் அடியாரை இகழ்ந்த குற்றத்துக்கு ஆளாவர் என்பது பெறப்படும். சைவ உணவைச் சாதியின் முத்திரையாக்கிக் கடல்கடந்துங் கொண்டுசென்று, ஒரே கோயிற் பந்தியில் இவர் வேறு, அவர் வேறு என்று நோக்குவாரின் இலை எத்துணைத் தூயதாயினும், அதன்கண் உயிரிரக்கம் என்னும் உப்பு இல்லை.

"அங்ஙனமாயின் புலாலும் படைத்து உண்ணலாம் போலும்!" என்பார் அவசரப்படற்க. திருக்குறளில் அருளுடைமை 25-ஆம் அதிகாரம். புலால் மறுத்தல் அதனை அடுத்த 26-ஆம் அதிகாரம். அருள் என்னும் வேரினின்றே புலால் மறுத்தல் என்னும் கிளை தோன்றும் என்பதை இவ்வைப்புமுறையே உணர்த்தும். திருமந்திர முதற்றந்திரமும் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் வலியுறுத்தும். எவ்வுயிரும் தன் உடைமையாகக் கொண்ட பெருமான் முன்னிலையில், அவ்வுயிர்களுள் ஒன்றைக் கொன்ற கையோடு நாடோறும் நிற்பவனுக்கு, என்றேனும் ஒருநாட் கூச்சம் பிறவாதிராது. படைத்து உண்ணும் ஒழுக்கம் உறைத்தால் புலால் தானே நழுவும். ஒழுக்கமின்றி நாவால் விடப்பட்ட புலாலோ, நாடு மாறியவுடன் மீண்டும் நாவை அடையும். அயல்நாடு சென்ற இளைஞர் பலர் இவ்வாறு மாறுதல் கண்டு பெற்றோர் வருந்துகின்றனர். 'இதனை உண்ணாதே' என்று அவர்க்குக் கற்பித்த பெற்றோர், 'ஏன் உண்ணாதே' என்று கற்பித்தனரோ என்பதே கேட்கத்தக்கது.

பால்கோவாவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாதிருத்தல் கூடாது. இக்காலத்து அயல்நாட்டிற் பிறந்து வளரும் பிள்ளைகள், "கன்றுக்குரிய பாலைக் கவர்வது கொலைக்கு அணித்தன்றோ? பால் விலக்கும் எங்கள் தோழர் உங்களினும் இரக்கமுடையரல்லரோ?" என்று பெற்றோரை வினாவுகின்றனர். "இது நம் வழக்கம், வாயை மூடு" என்பது விடையாகாது. விடை சண்டேசுர நாயனார் வரலாற்றில் உளது. ஆயன் பசுவை அடித்தமை பொறாது, மேய்க்குந் தொழிலைத் தாமே ஏற்றார் அவ்வந்தணச் சிறுவர். அன்பினால் மேய்த்தமையின் பசுக்கள் உரியார்க்குக் குறைவின்றிக் கொடுத்ததன்மேலும் தாமே பால் சொரிந்தன. அதனைக் கொண்டே அவர் மண்ணியாற்று மணலிற் கண்ட இலிங்கத்தை ஆட்டினார். சைவத்திற் பாலுக்குள்ள தூய்மை பசுவின்மாட்டு வைத்த அன்பினால் வந்தது, வெண்ணிறத்தால் வந்ததன்று. ஆதலின், கன்றை வாட்டிக் கறந்த பாலாற் கிண்டிய இனிப்பைச் 'சைவம்' என்று விற்பாரும், வாங்கி விமானத்தில் ஏற்றுவாரும் அப்பிள்ளைகளின் வினாவுக்குக் கடன்பட்டவரே. கன்றூட்டிப் பசுவைப் பேணிக் கறந்த பாலே பெருமானுக்கும் அடியார்க்கும் உரியது.

இனி, ஊட்டுதலின் மற்றொரு பகுதி பசித்தார்க்கு ஈதல். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு வழிபடுமாறு விதிக்கும். ஆகலின் படைத்தல் சந்நிதியோடு முடிவதன்று, பந்தியிலும் தொடர்வது. இளையான்குடி மாற நாயனார் மழையிருளில், அன்று பகல் விதைத்த முளைநெல்லை வாரிக்கொணர்ந்து அடியார்க்கு அமுதாக்கினார். அவ்விரவு இலையில் விழுந்தது சோறும் கீரையுமே. அதனினும் பெரிய விருந்து தமிழ்நாட்டில் நிகழ்ந்ததாகச் சொல்ல இயலாது. அண்மைக் காலத்திலும், இராமலிங்க சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு வடலூரில் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். ஆறுமுக நாவலர் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பஞ்சத்தின்போது யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டி நிறுவிப் பசித்தார்க்கு வார்ப்பித்தார். கொள்கையால் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்த அவ்விருவரும் பசித்தார் முன்னிலையில் ஒருவழிப்பட்டனர். சுவிட்சர்லாந்தின் தலைநகராகிய பேர்ணில் 2014-இல் திறக்கப்பெற்ற பல்சமய இல்லத்தில் சைவநெறிக்கூடத்தாரின் சிவாலயமும் எழுந்தது. எச்சமயத்தாரும் அமர்ந்து உண்ணுதற்குரிய சைவவுணவுக் கூடமும் அவ்வில்லத்தின்கண் அமைந்தது. பிறர் பசிக்கு இடங்கொடுத்த சமையற்கூடம் அடையாளத்தை இழக்கவில்லை. அடையாளமென்பது அங்கே அயலாரும் கண்டறியத்தக்கதாய் விளங்கிற்று.

இவற்றால் முடிந்தது இது: உணவு சமயமன்று, உணவின்றிச் சமயமும் இல்லை. உண்ணுமுறையே இரண்டனையும் இணைப்பது. இறைவற்குப் படைத்தல், அடியார்க்கும் பசித்தார்க்கும் பகிர்தல், எஞ்சியதை உண்ணல் என்னும் இம்மூன்றும் உள்ளவிடத்து இட்டிலியும் சைவம். அந்நாட்டுக் கோதுமையப்பமும் சைவம். இவை இல்லாதவிடத்து நாட்டுக்கத்தரிக்காயும் வெறுங் கத்தரிக்காயே.

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் இருந்து பிள்ளைகளைக் கடலுக்கப்பால் அனுப்பும் பெற்றோர்க்கு இதனாற் கடமை ஒன்று உளதாகின்றது. பண்டங் கட்டிக் கொடுப்பதனோடு அமையாது, நெற்றிக்குத் திருநீறும் நாவுக்கு ஐந்தெழுத்தும், உண்ணுமுன் ஒரு பிடியை இறைவன் பெயரால் தனியே வைக்கும் பழக்கமும் கூட்டி அனுப்புவாராக. இப்பழக்கத்தைச் சுங்கக் காவலர் பறித்தல் இயலாது. அங்குள்ளார் தம் பிள்ளைகட்கு, பள்ளியில் உண்கலம் திறக்குங்கால் நாணாது நிற்கும் காரணத்தைக் கற்பிப்பாராக. 'எங்கள் ஊரில் இப்படி' என்பது பிள்ளைக்குக் காரணமாகாது. 'எவ்வுயிரும் பெருமானுடையது' என்பது ஆகும்.

மடவார்வளாகத்திலே உச்சிக்காலப் பூசை நிகழும் நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரிற் பிற்பகல் 2.30 மணி, இலண்டனிற் காலைப்பொழுது, தொரொன்தோவில் நள்ளிரவு கடந்த வேளை. நாயக்கர் எடுப்பித்த மண்டபங்கள் அத்துணைத் தொலைவுக்கு ஒலியைச் செலுத்தா. ஆயினும், அவ்வந்நாட்டில் அவரவர் உண்ணும் வேளையில் ஒரு கணம் கை தாழ்த்தி நிற்பாராயின், முரசு ஆங்கே ஒலிக்கும். அவ்வொரு கணம் உளதாயின் சைவம் எந்நாட்டிலும் வாழும். அஃது இலதாயின், திருவில்லிபுத்தூரில் எத்துணை உணவுக்கடைகள் தம் பலகையில் 'சைவம்' என்று எழுதிவைப்பினும், எழுத்து மட்டுமே எஞ்சும். எதனை எஞ்சவைப்பது என்பதைச் சைவ நன்மக்கள் சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்.